பூநாரைகள் பிழைத்தன

யுஸ்ரா, மீன் கூஸ்கூஸ் அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

“சும்மா சும்மா அணைஞ்சு எழும்புது, அந்தக் கிழட்டு சர்வர் பெட்டியைத் தூக்கிப் போடு” என்று நேற்று கத்தினேன். நீ போய்ப் படுத்துவிட்டாய். காலையில் திறந்து பார்த்தேன். பவர் சப்ளைதான் கெட்டிருந்தது. என் கணினியில் இருந்ததைக் கழற்றி மாட்டினேன். மதியம்வரை அணையவே இல்லை.

நீ உப்பளத்தில் பதிவுசெய்த பூநாரைச் சத்தங்களை, அணைந்து எழும்பிய ஒவ்வொரு முறையும் சர்வர் தானாகவே சரிபார்த்து வைத்திருக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மேலே எழும்பியது, யுஸ்ரா! தலையை மறைக்கக் கை தானாக மேலே போய்விட்டது.

முராத்

பி.கு.: அடுத்த தடவை உப்பளத்துக்கு நானும் வரட்டுமா? அங்கே வாயே திறக்க மாட்டேன், சத்தியமா.