வத்தலக்குண்டு கூவிய விமானம்

மாண்புமிகு அப்பா சமூகத்துக்கு,

பத்தொன்பது வயது துணை விமானி சுகன்யா குவாஹாட்டியிலிருந்து கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? திட்டுவதற்கு நான் இல்லாமல் அம்மா சௌக்கியமா?

எங்கள் கம்பெனி திவாலாகலாம் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். கோர்ட்டு இன்னும் முடிவு சொல்லவில்லை. பயப்படாதீர்கள், நேற்றும் பறந்தேன். பயணிகள் ஆறே பேர். கேப்டன் போரா முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். அவரைச் சிரிக்கவைக்க, கிளம்பும் முன் நம்மூர் கண்டக்டர் மாதிரி, "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு! உள்ள காலியா கெடக்கு, ஏறு ஏறு!" என்று கூவினேன். மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர், "ஏனுங்க, வழியில செம்பட்டில நிக்குங்களா?" என்றார். நம்ம பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரராம். இறங்கும்போது, "நம்மூர்ப் பேரைக் காதுல கேட்டு ஒன்றரை வருசமாச்சுங்க அம்மிணி" என்று கும்பிட்டார்.

பஸ்ஸில் நீங்கள் துண்டைப் போட்டு எனக்கு ஜன்னல் சீட் பிடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லோரும் போனபிறகும் விமானத்திலேயே செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் பறக்கும் நாள்களின் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் பேருக்கு நேரே வெறும் கட்டம்தான். இட்லிப் பொடியை இப்போது அனுப்ப வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். மாடி அறையையும் யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.

கேப்டன் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் வாலு,
சுகன்யா