அண்ணி வராத வகுப்பு

மார்ச் 4, திங்கள்

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் ஒரு ஜோக் அடித்தார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். "இவங்களுக்கு மட்டும் சிரிப்பே வராதா?" என்றார்.

வரும். கூடவே சிறுநீரும் வரும். சின்னவள் பிறந்ததிலிருந்து இப்படித்தான். தும்மினால், இருமினால், அவளைத் தூக்கினால். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்று உள்ளாடை. முப்பத்தெட்டு வயதில் இது என்ன கண்றாவி!

மார்ச் 7

டாக்டரிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டு. சிறுநீரை அடக்கும் அடியிடுப்புத் தசைகள் தளர்ந்திருக்கின்றனவாம். வீட்டில் செய்ய ஒரு பயிற்சி காட்டினார். "கூடவே யோகாவோ பிலாட்டிஸோ, எதுக்கு விடாம போவீங்களோ அதுல சேருங்க. சொல்லிக்குடுக்கறவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

சொல்வதாவது!

மார்ச் 8

யோகா என்றால் நாத்தனார். மாடியில் நாங்கள், கீழே அவள். வேலை போனபின் கூடத்தைக் காலி செய்து வகுப்பு தொடங்கியிருக்கிறாள். "உங்களுக்குன்னு ஒரு விரிப்பு எடுத்து வச்சிருக்கேன் அண்ணி" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். அதை நனைத்துவிட்டு எழுந்தால்? கணவரின் தங்கை முன்னால்?

பிலாட்டிஸும் விரிப்பில் செய்கிற உடற்பயிற்சிதானாம்; வகுப்பு பேருந்தில் போகிற தூரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. எது நல்லது என்று யோசிக்கவே இல்லை. பிலாட்டிஸ்தான்.

மார்ச் 15

பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று வீட்டில் புளுகிவிட்டுப் போய்வருகிறேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை. காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவதுபோல் பாவனை செய்கிறேன். நல்ல பயிற்சி!

மார்ச் 22

மாட்டிக்கொண்டேன். பிலாட்டிஸ் வகுப்பு முடிந்து படியிறங்கினால் எதிரே நாத்தனார், தன் வகுப்புக்கான நோட்டீஸ் கட்டோடு. வீட்டுக்கு வந்தபின் என் சமையலறையில் வந்து நின்றாள்.

"என் க்ளாஸ் அவ்வளவு மட்டமா அண்ணி? உங்க அண்ணியே வரலையேன்னு பக்கத்து வீட்டு அக்கா கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மூணு மாசம் கோர்ஸ் படிச்சிட்டு வந்த உன்னை நம்பி உடம்பைக் குடுக்க முடியுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "சரி அண்ணி" என்று இறங்கிப் போய்விட்டாள்.

ஏன்டி அப்படிச் சொன்னே? உன் மானத்தைக் காப்பாத்திக்க அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே. நீயெல்லாம் ஒரு டீச்சர்!

மார்ச் 24

கீழே வகுப்பு நடக்கவில்லை.

மார்ச் 26

"பாப்பா க்ளாஸை நிறுத்தப் போறாளாம். ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார் கணவர். தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"தெரியாதுங்க" என்றேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

மார்ச் 27

இறங்கிப் போனேன். விரிப்புகளைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன் — தும்மல், கைப்பை, பொய், அன்று சொன்ன சொல் உட்பட. நடுவில் அழுதுவிட்டேன்.

அவள் கயிற்றை விடவில்லை. "இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா? எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

மன்னித்தாளா, தெரியவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

ஏப்ரல் 2

வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமல் பொதுவாகச் சொன்னாள்: "முதல்ல ஒரு விஷயம். பாத்ரூம் போகணும்னா என்கிட்ட கேக்க வேண்டாம். எப்ப வேணும்னாலும் எழுந்து போங்க. சிலருக்குச் சிரிச்சா, இருமினா கசியும். அது உடம்போட வேலை. விரிப்பை நான் கழுவிக்கறேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது என்னைப் பார்த்தார்களா என்று நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே தையல் கடை அம்மா. அதற்கும் பின்னால் இன்னொருவர்.

நான் போய்ச் சேர்வதற்குள் பாத்ரூம் வாசலில் வரிசை.