வள்ளியூர்ச் சாலையில் இளைத்த மோட்டார்

1913 அக்டோபர் 11, சனி
இன்று முதலாளி முன்னால் மானம் போயிற்று. பஞ்சு வியாபாரமாக வள்ளியூருக்குப் புறப்பட்டார். ஊருக்குள் வண்டி ஒழுங்காகத்தான் போனது. நாங்குநேரிச் சாலையில் முப்பது மைல் வேகத்துக்கு ஏற்றினேன் — இரண்டே மைல். இருமியது, இளைத்தது, மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது. வேகம் கொடுத்தால் பழைய கதைதான்.

"என்னவே சிகாமணி, மோட்டாருக்கும் இளைப்பு நோயா?" என்றார் முதலாளி பாபநாசம் பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். டிரைவராகி ஒன்பது மாதத்தில் இப்படித் தலை குனிந்ததில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு
கோயிலில் நற்கருணை. அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. வியாழக்கிழமை ஆயுத பூஜையில் முதலாளி வீட்டு ஆச்சி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "நீ வேதக்காரன், வேண்டாம்னா விட்டுரு" என்றுதான் சொன்னார். நல்ல பேர் வாங்கும் ஆசையில் விளக்கு, சக்கரம், பெட்ரோல் தொட்டி மூடி என்று ஒன்று விடாமல் அப்பியது நான்தான். அந்தக் கையோடு எப்படி அப்பம் வாங்குவது? மனைவி ஞானசௌந்தரிக்குத் தெரியாது. ஏன் போகவில்லை என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்
பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். குழாயில் அடைப்பில்லை. வேகம் மட்டும் வரவில்லை. முதலாளிக்கு இன்று சிரிப்பில்லை. "தெரியலைன்னா சொல்லுவே, மதுரையிலேருந்து வேற ஆளு வரச் சொல்லுதேன்."

பயந்துவிட்டேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்தேனா? இல்லை. பெட்ரோல் டின் கொண்டுவந்து தருபவன் மேலப்பாளையத்து அகமது மீரான்.

அக்டோபர் 16, வியாழன்
மீரான் வந்தான். கண்ணாடித் தம்ளரில் பெட்ரோலை ஊற்றி என் கண்முன் பிடித்தான். "நீங்களே பாருங்க அண்ணாச்சி, அடியில ஒரு சொட்டுத் தண்ணி உண்டுமா?" இல்லைதான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் சொல்லையே நம்பி, இனி வரவேண்டாம் என்று மீரானை அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 18, சனி
தூத்துக்குடியிலிருந்து வேறொருவர் தந்த பெட்ரோல் வந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றடைப்பு ஊரைத் தாண்டியதும் அதே இளைப்பு. அப்படியானால் மீரான்?

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கத் தொட்டி மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் நடுவில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை. அதைச் சந்தனம் காய்ந்து அடைத்திருக்கிறது. நான் அப்பிய சந்தனம். காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்? மெதுவாகப் போகையில் மூடியின் திருகு மரை வழியே கசியும் காற்று போதும், வேகத்துக்குப் போதாது. குத்தி எடுத்தேன். வண்டி பறந்தது.

முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். "புதுப் பெட்ரோல் ஊத்தினதும் சரியாயிட்டு மொதலாளி." இது என் வாயிலிருந்துதான் வந்தது. பாவி!

அக்டோபர் 20, திங்கள்
இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 23, வியாழன்
ஊரில் மோட்டார் வைத்திருக்கும் மற்ற இருவரும் மீரானை நிறுத்திவிட்டார்களாம்.  ஞானசௌந்தரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தனத்தையும். அதற்குத்தான் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆண்டவர்ட்ட பொறவு மன்னிப்புக் கேக்கலாம். விடிஞ்சதும் மொதலாளிட்ட போயிச் சொல்லுங்க" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி
சொல்லிவிட்டேன். முதலாளி கணக்கு நோட்டை மூடிவைத்தார். "வேலை போனாப் போவுதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாவே. போ, அவனக் கூட்டிட்டு வா. மத்த ரெண்டு பேருட்டயும் நான் சொல்லிக்கிடுதேன்."

மேலப்பாளையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மீரானின் மனைவி ஹமீது பீவி கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். இங்கே இனிப் பிழைப்பில்லை என்று புதன்கிழமைக் கப்பலில் கொழும்புக்குப் போய்விட்டானாம். எப்போது வருவான் என்று தெரியாதாம்.

"போகும்போதும் ஒங்க வண்டி நெனப்புதான் அவுகளுக்கு. சரியாச்சான்னு கேட்டு எழுதச் சொன்னாக. சரியாயிட்டா?"

"ஆச்சும்மா."

"என்னைக்கு?"

ஆறு நாளாயிற்று என்று உண்மையைச் சொன்னேன். "அப்போ அவுக இங்கதான இருந்தாக" என்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.