மைக்கில் மாறிய முடிவு

15.7.84, ஞாயிறு

கோபம் அடங்கவே இல்லை. இவர் செயலாளராக இருக்கும் ஃபிலிம் சொசைட்டி இன்று குற்றாலத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு ஜப்பான் படம் போட்டது. கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்து மைக்கில் தமிழில் சொன்னதும் இவர்தான். முன்வரிசையில் நானும் மகள் செல்வியும் இருந்தோம். புருஷன் அடி தாங்காமல் சிவகிரியிலிருந்து போன வாரம் வந்தவள்.

கடைசியில் அந்த ஜப்பான்காரி பெட்டியோடு ரயிலேறி, இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். எழுத்தில் தெளிவாக இருந்தது. இவரோ மைக்கில், “மனசு மாறிப் புருஷன்கிட்டயே திரும்பிப் போறா” என்றார். சாரலில் நனைந்து வந்திருந்த கூட்டம் கைதட்டியது.

“அம்மா, அவ அப்படிச் சொல்லலியே” என்றாள் செல்வி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏட்டி, நம்ம மவளும் இருந்தாள்லா? அவ மனசைக் கெடுக்கச் சொல்லுதியா?” என்றார். காலை பஸ்ஸுக்கு அவள் பெட்டியை எடுத்து வைக்கவும் சொன்னார்.

நான் எடுத்து வைக்கவில்லை. நாளை அந்த பஸ் செல்வி இல்லாமல்தான் சிவகிரிக்குப் போகும். அதை ஊருக்கு எப்படிச் சொல்வதென்று இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசிக்கட்டும்.