ஒரே இழுவையில் வரும் தையல்

ஊசியில் நூல் கோக்க இன்று காலை அரை மணி நேரம் சென்றது. நீ இருந்திருந்தால் என் கையிலிருந்து பிடுங்கி, உதட்டில் நுனியை நனைத்து, நொடியில் கோத்துத் தந்திருப்பாய். மடியில் நம் மகனுக்கு அனுப்பும் பார்சல். பழைய சாறன் துணியால் சுற்றியிருக்கிறேன். உள்ளே இருக்கும் வறுத்த மிளகாய்த்தூள் துணியையும் தாண்டி மூக்கில் ஏறுகிறது. தும்மலோடு உன் நினைவும் வந்துவிட்டது புள்ள.

அவன் டொக்டருக்குப் படிக்க ரஷ்யா போன காலத்தில் பார்சல் தைப்பது உன் வேலை. அது சண்டைக் காலம். போகிற வழியில் சோதனைச் சாவடியில் பிரிக்கச் சொல்வார்கள், தபால் கந்தோரில் மறுபடியும். நீ அலுத்துக்கொண்டதே இல்லை. நீளநீளமாகத் தைத்து நூல் நுனியை வெளியே விடுவாய். இழுத்தால் முழுத் தையலும் கையோடு வரும். "பிரிக்கிறவனுக்கும் லேசு, நம்மட புள்ளைக்கும் லேசு" என்பாய். வலைக்கு முடிச்சுப் போடுகிற எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "இதெல்லாம் ஒரு தையலா? நெத்தலியும் நிக்காது" என்றதற்கு இரண்டு நாள் என்னோடு நீ கதைக்கவில்லை.

அவனுடைய கடைசி வருடம். அந்த ஞாயிறு காலை, நீ வறுத்து வைத்த மிளகாயைச் சம்மாந்துறை மில்லில் அரைத்து வரச் சொன்னாய். நான் சோம்பிக் கிடந்தேன். "வெயிலுக்கு முந்திப் போய்ட்டு வாங்க" என்று விரட்டினாய். தூளின் சூடு ஆறுமுன் கரைப்பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். நான் திரும்பியபோது நம் வீடு இருந்த இடம் வெறும் மணல். உன்னை மறுநாள்தான் கண்டெடுத்து அடக்கம் செய்தோம்.

நாலாம் நாள் மகன் போனில் அகப்பட்டான். உம்மா எங்கே என்றுதான் கேட்டான். "மாமி வீட்ட நிக்கா மனே. வீடு போன கவலையில ஆரோடயும் கதைக்கிறா இல்ல. நீ சோதினையப் பாரு" என்றேன். அவன் டொக்டராகி வர வேண்டுமென்று நீ கேட்காத துஆ இல்லை. அதை இடையில் முறிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் நம்பட்டும் என்று நீ வறுத்த அந்தத் தூளையே பார்சலாகத் தைத்து அனுப்பினேன்.

அது போய்ச் சேர்ந்தபின் உன்னோடு கதைக்க வேண்டுமென்று அவன் கேட்கவே இல்லை. "உம்மாக்கு சலாம் சொல்லுங்க" என்பதோடு சரி. ஏமாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சு நொந்தும் கிடந்தது.

பாஸாகி வந்து இறங்கினான். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இருக்கவில்லை. பையை இறக்கி வைத்தவன், "உம்மாட கப்றடிக்குப் போவம் வாப்பா" என்றான்.

"எப்பயிருந்து தெரியும் மனே?"

"பார்சல் வந்தண்டே தெரியும். தையலுக்குத் தையல் வலை முடிச்சு. கத்தியால வெட்டித்தான் திறந்தன். தூள் உம்மாட, தையல் உங்கட. வெள்ளிக்கு வெள்ளி உம்மாட பேருக்கு யாசீன் ஓதிட்டுத்தான் உங்களுக்குப் போன்ல கோல் எடுத்தன்."

"பிறகேன் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. இங்க உங்களப் புடிக்க ஆரு இரிக்கா?"

சண்டையும் முடிந்து சாவடிகளும் போய்விட்டன. அவன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போயிருக்கிறான். வழியில் பிரிக்கச் சொல்ல இப்போது ஆளில்லை. ஆனாலும் சென்ற முறை உன் தையலைத்தான் தைத்து அனுப்பினேன். முடிச்சுப் போடப் போடக் கையை அடக்கி, பிரித்துப் பிரித்துப் பழகினேன். கிடைத்ததும் கோல் எடுத்தான்.

"வாப்பா, ஒரே இழுவையில வந்திட்டு" என்றான்.

பிறகு அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்தப் பார்சலும் தைத்தாயிற்று. நுனியை வெளியே விட்டிருக்கிறேன் புள்ள.