காற்றுத் துளையில் ஒரு சால்வை

ஜனவரி, புதன் இரவு. பாணேர்.

கேம்பர் வேனுக்கான எங்கள் கேஸ் ஹீட்டரை இன்று தளேகாவில் சோதித்தோம். வேனுக்குள் உட்கார்ந்திருந்த செல்வி, காற்றுத் துளையில் தன் சால்வையைச் செருகிவிட்டாள். அந்தத் துளையை வடிவமைத்தவளே அவள்தான். அதை அடைத்தால் ஹீட்டரின் நச்சு வாயு தேங்கி, உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஒரே குளுருங்க, கை தானா போயிருச்சு," என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

மேனேஜர் சிரித்தார். "ஸ்டிக்கர் லகா தோ, பஸ்." அடைக்காதீர்கள் என்று ஒட்டிவிட்டால் போதுமாம். குளிரில் நடுங்குகிறவன் ஸ்டிக்கரையா படிப்பான்? வெள்ளிக்கிழமை முதல் வேன் ஒரு குடும்பத்தோடு மகாபலேஷ்வர் போகிறது. ஸ்டிக்கர் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான்தான்.

இங்கேயும் குளிர்தான். பால்கனிக் கதவின் இடுக்கில் துண்டு செருகியிருக்கிறது. எப்போது செருகினேன் என்று ஞாபகமில்லை.