உட்கார்ந்து சாப்பிடுங்கள் அத்தை

அன்புள்ள அத்தைக்கு மருமகள் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? உங்கள் மகன் நம்மை விட்டுப் போன பிறகு போனில் பேசினாலே இருவரும் அழுதுவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் சலவைக்கூடத்தில் லேசாகத் தலை சுற்றியது. பயப்பட ஒன்றுமில்லை. இத்தனை மாதமும் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டதுதான் காரணம்.

இங்கே இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். எல்லாரும் "மகாராணி" என்று கேலி செய்வார்கள். தனி ஆள்தான். ஆனாலும் மத்தியானம் முகம் கழுவி, தலை வாரி, தட்டு வைத்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். வேலை முடிந்ததும் தன் காலுக்குத் தானே எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அழறதுக்கும் தெம்பு வேணும்டி. முதல்ல சாப்பிடு, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே அழலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அத்தை. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நீங்களும் அடுப்படியில் நின்றே முடித்துக்கொள்கிறீர்களாம், நாத்தனார் சொன்னாள். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு, அக்காவைப் பார்க்க முடியாது, தங்கியிருக்கிற அறையில் நான் மட்டும்தான். அன்றைக்கு மத்தியானம் தட்டோடு உட்கார்ந்ததும் எனக்குப் போன் போடுங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது, கடிதத்தை முடிக்கிறேன். போனில் ஒன்றும் பேச வேண்டாம் அத்தை. நீங்கள் சாப்பிடுகிற சத்தம் கேட்டால் நானும் சாப்பிட்டுவிடுவேன்.

உங்கள் மருமகள்